டிஸ்க் பழுதில்லை, லொக்கைப் பாருங்கள்: மாணவர் லேப்பில் இம்ஜ்பேர்ன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புதுச் சாமான் இல்லை. சீடி, டிவிடி எழுதுகிற இம்ஜ்பேர்ன் என்கிற இந்த இலவச மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2.5.8.0, அது வந்தது 2013இல். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இப்போது போய் இதற்கு விமர்சனமா என்று கேட்பவர்கள், ஆய்வறிக்கை ஒப்படைக்கிற வாரத்தில் மட்டக்களப்பில் ஏதாவது ஒரு மாணவர் லேப்பில் ஒரு பகல் வந்து இருந்து பார்க்கட்டும். பைண்ட் பண்ணின புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு உறை ஒட்டி, அதற்குள் இறுவட்டு வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்கிற நடைமுறை இன்னும் பல இடங்களில் மாறவில்லை. நடனம், நாடகம் படிக்கிற பிள்ளைகள் என்றால் ஆற்றுகைப் பதிவு டிவிடியில். புது லெப்டொப்களில் டிவிடி டிரைவே வருவதில்லை, ஆகவே எல்லாரும் வந்து வரிசையில் நிற்பது லேப்பில் மிச்சம் இருக்கிற நாலைந்து பழைய மெஷின்களுக்கு முன்னால்தான்.

நான் அப்படியான ஒரு லேப்பைப் பார்த்துக்கொள்கிறவன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுகூடச் சொல்லப்போவதில்லை. வருகிற பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற வசனம் ஒன்றுதான்: "சேர், டிஸ்க் பழுது." பெரும்பாலும் டிஸ்க் பழுதில்லை. வின்டோஸோடு சேர்ந்து வருகிற எழுதும் வசதி ஏதாவது பிசகினால், டிஸ்கை எழுதுவதில் பிரச்சினை, வேறு டிஸ்க் போட்டுப் பாருங்கள் என்று பொதுப்படையாக ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பிள்ளையும் அதை நம்பி அடுத்த டிஸ்கைப் போடும், அதுவும் போகும், மறுகா இன்னொன்று. இம்ஜ்பேர்னை எனக்குப் பிடிப்பது அது மற்றவற்றைவிட வடிவாக எழுதும் என்பதற்காக இல்லை. எழுதுவது டிரைவின் வேலை, எந்த மென்பொருள் சொன்னாலும் அதே லேசர்தான் எழுதப்போகிறது. எழுத முடியாமல் போனால் ஏன் என்று வாயைத் திறந்து சொல்கிறது பாருங்கள், அதற்காகத்தான்.

திறந்தவுடன் ஆறு பெரிய படங்கள் வரும். இமேஜ் கோப்பை டிஸ்கில் எழுது, கோப்புகளை டிஸ்கில் எழுது, டிஸ்கில் இருந்து இமேஜ் எடு, கோப்புகளில் இருந்து இமேஜ் செய், டிஸ்கைச் சரிபார், கடைசியாக டிஸ்கின் தரத்தைச் சோதிக்கிற டிஸ்கவரி. இமேஜ் என்றால் ஒரு முழு டிஸ்கையும் அப்படியே ஒரே கோப்பாக்கினது. மாணவர் லேப்புக்கு முதல் மூன்றும் சரிபார்ப்பும் போதும். கூடவே இன்னொரு சின்ன விண்டோவும் திறக்கும். அதுதான் லொக், அதாவது பதிவேடு. பிள்ளைகள் முதல் வேலையாக அதை மூடிவிடுவார்கள், இடைஞ்சலாக இருக்கிறதாம். மூட வேண்டாம். நடக்கிற ஒவ்வொன்றையும் அது நேரத்தோடு வரி வரியாக எழுதிக்கொண்டே போகும், எச்சரிக்கை எது பிழை எது என்று அடையாளமும் போட்டிருக்கும். இந்த மென்பொருளின் பாதிப் பெறுமதி அந்த விண்டோவுக்குள்தான் இருக்கிறது.

சின்னக் கரைச்சல்களை முதலில் சொல்கிறேன். எழுதத் தொடங்கும்போது வொல்யூமைப் பூட்ட முடியவில்லை என்று லொக் சொன்னால், வேறு ஏதோ ஒன்று அந்த டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அநேகமாக வீஎல்சி வீடியோ பிளேயர் கீழே சுருங்கிக் கிடக்கும், அல்லது வைரஸ் ஸ்கேனர் அந்த டிஸ்கைத் துழாவிக்கொண்டிருக்கும், அல்லது மை கொம்பியூட்டரில் அந்த டிரைவின் போல்டர் திறந்தபடி இருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்பக் கொடுத்தால் போகும். டிஸ்க்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்தது கொள்ளளவு. டிவிடி உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது, என் வீடியோ 4.5 ஜிபிதானே, ஏன் கொள்ளாது என்று சண்டை பிடிக்காத பிள்ளை இல்லை. டிஸ்க் கம்பனிக்காரன் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்குப் பார்க்கிறான், வின்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது, ஆகவே அந்த 4.7 என்பது திரையில் 4.38தான். இம்ஜ்பேர்ன் இதைக் கணக்குப் போட்டு எழுதுவதற்கு முன்பே கொள்ளாது என்று சொல்லிவிடும். இதிலே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. டிவிடி-ஆரும் டிவிடி+ஆரும் ஒரே அளவு இல்லை. முதலாவது 4,707,319,808 பைட், இரண்டாவது 4,700,372,992 பைட். வித்தியாசம் ஏழு எம்பிக்குக் கிட்ட. சாதாரணமாக யாருக்கும் தெரியாது, ஆனால் விளிம்பு வரை நிரப்பின ஒரு டிவிடி-ஆரில் இருந்து எடுத்த இமேஜை டிவிடி+ஆரில் எழுதப் போனால் அந்த ஏழு எம்பி வந்து முன்னால் நிற்கும்.

இமேஜை பென் டிரைவில் கொண்டுபோகிறேன் என்று வெளிக்கிடுகிறவர்களுக்கு இன்னொன்று. பெரும்பாலான பென்கள் ஃபெட்32 முறையில்தான் போர்மட் பண்ணப்பட்டிருக்கும். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு தனிக் கோப்பு ஏறாது. பென்னில் 16 ஜிபி காலியாக இருந்தாலும் ஏறாது. ஏறாது என்று செய்தி வந்தவுடன் பென்னும் பழுது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எக்ஸ்ஃபெட்டுக்கோ என்டிஎஃப்எஸ்ஸுக்கோ மாற்றினால் சரி, மாற்றுவதற்கு முதல் உள்ளே இருக்கிறதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். லொக்கில் வருகிற பிழைகளில் எங்கள் ஊருக்கென்றே செய்தது போல ஒன்று இருக்கிறது: பவர் கலிபரேஷன் ஏரியா எரர். எழுதத் தொடங்குவதற்கு முதல் டிரைவ் டிஸ்கின் உட்பக்கத்தில் அதற்கென்று ஒதுக்கின ஒரு சின்ன இடத்தில் லேசரைக் கூட்டிக் குறைத்து எழுதிப் பார்க்கும், இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று. குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரித்தான். எவ்வளவு கூட்டியும் சரியான அளவு பிடிபடவில்லை என்றால் இந்தப் பிழை வரும். காரணம் டிஸ்காகவும் இருக்கலாம், டிரைவாகவும் இருக்கலாம், இரண்டும் நல்லதாக இருந்து ஒன்றுக்கொன்று ஒத்துவராமலும் இருக்கலாம்.

இதில் டிரைவ் பக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஊர். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் யன்னலைத் திறந்தால் மேசையில் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி, மாரி வந்தால் சுவரே வேர்க்கும். விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த லேப்பைத் திறக்கும்போது டிரைவ்களின் லென்சில் பால் போல ஒரு மங்கல் படர்ந்திருக்கும். அந்த மங்கலோடும் டிரைவ் படிக்கும், படிப்பதற்குக் குறைந்த பலம் போதும். எழுதச் சொன்னால்தான் மூச்சு வாங்கும். "படம் ஓடுது சேர், ரைட் பண்ணத்தான் ஏலாதாம்" என்று வந்து நின்றால் நான் டிஸ்கைப் பார்ப்பதே இல்லை, நேரே லென்சுக்குத்தான் போகிறேன். பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொபைல் அல்ககோல் ஒரு துளி, அழுத்தாமல் ஒரு சுற்று, காயவிட வேண்டியதுதான். பார்மசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்ற வேண்டாம், அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், லென்சில் எண்ணெய்ப் படலம் நின்றுவிடும். வெளியில் குத்துகிற மெல்லிய டிரைவ் என்றால் தட்டை இழுத்தவுடன் லென்ஸ் கண்ணுக்கு முன்னால் இருக்கும். மேசைக் கணினி டிரைவ் என்றால் கழற்ற வேண்டும், அது கொஞ்சம் மினக்கேடு.

துடைத்தும் சரிவராத டிரைவ்களும் உண்டு. சீடி படிக்க 780 நானோமீற்றர் லேசர், டிவிடிக்கு 650. ஒரு டிரைவுக்குள் இரண்டும் இருக்கும். ஒன்று களைத்துப்போய் மற்றது திடமாக நிற்பது சாதாரணமாக நடக்கிற விஷயம், அதனால்தான் சில மெஷின்களில் சீடி ஒரு குறையும் இல்லாமல் எழுதும், டிவிடியைப் போட்டால் டிஸ்க் இல்லை என்று சொல்லும். அப்படியான மெஷினில் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள், சீடி மட்டும் என்று. அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு முன்னால் யாரும் டிவிடியை வீணாக்கமாட்டார்கள்.

டிஸ்க் பக்கத்தில் இம்ஜ்பேர்ன் செய்கிற உதவி வேறு எதிலும் எனக்கு இவ்வளவு லேசாகக் கிடைத்ததில்லை. வெற்று டிஸ்கைப் போட்டவுடன் வலப்பக்கப் பெட்டியில் அந்த டிஸ்கின் உண்மையான ஜாதகம் வரும். உறையில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் சரி, உள்ளே பதிந்திருக்கிற குறியீடு யார் செய்தது என்று சொல்லிவிடும். சிஎம்சி, ரைடெக் என்று வந்தால் தாய்வான் கம்பனிகள், எம்சிசி என்றால் மிற்சுபிஷி கெமிக்கல். ஒரே பெயரில் ஒரே கடையில் வாங்கின இரண்டு குலைகளில் இரண்டு வேறு குறியீடு வருவதும் உண்டு. அது முக்கியமா என்றால், முக்கியம்தான். டிரைவ் அந்தக் குறியீட்டைப் படித்துத்தான், தனக்குள் இருக்கிற பட்டியலைப் பார்த்து, இதற்கு லேசரை எப்படிப் பிடிப்பது என்று முடிவு செய்கிறது. பட்டியலில் இல்லாத குறியீடு என்றால் பொதுவான ஒரு முறையில் எழுதிப் பார்க்கும், அது சில நேரம் சரிவரும், சில நேரம் வராது. பழைய டிரைவில் புதுச் சரக்குத் தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் லேப்பில் எந்த டிரைவுக்கு எந்தக் குறியீடு ஒத்துவருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். டவுனில் டிஸ்க் வாங்கப் போகிற பிள்ளைக்கு குலையாக வாங்காதே, முதலில் ஒன்று வாங்கி வா என்றுதான் சொல்வது.

வேகத்தைப் பற்றி ஆளுக்கொரு சாத்திரம் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மெதுவாக எழுதினால் அவ்வளவு நல்லது என்பது பழைய காலத்துக் கதை. 16 மடங்கு என்று போட்டிருக்கிற டிவிடியின் சாயப் பூச்சு அதற்கேற்ற மாதிரிச் செய்யப்பட்டது, அதை ஆகக் குறைந்த வேகத்தில் எழுதுவதால் தரம் கூடிவிடாது. 8 மடங்கில் விடுங்கள், முழு டிவிடி எட்டு ஒன்பது நிமிடத்தில் முடியும். உச்ச வேகத்தில் விடாததற்கு எனக்கு இன்னொரு காரணம் ஸ்டிக்கர். பெயர், சுட்டெண், தலைப்பு எல்லாம் அச்சடித்து டிஸ்க் மேலே கடதாசி ஒட்டிக்கொண்டு வருவார்கள், அதுவும் ஒரு பக்கம் கோணலாக. 52 மடங்கில் ஓடுகிற சீடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்தக் கோணல் அங்கே என்ன பாடு படுத்தும் என்று டிரைவின் சத்தத்திலேயே தெரியும். பேனாவால் எழுதுங்கள், டிஸ்க்குக்கென்று விற்கிற மென்முனைப் பேனா. சீடியில் போல்பொயின்ட் வேண்டவே வேண்டாம். சீடியில் தகவல் இருக்கிற படலம் பெயர் எழுதுகிற பக்கத்துக்குக் கீழே, மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. மினுங்குகிற பக்கத்தைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டு மேல் பக்கத்தில் கீறினால் போச்சு. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் இருப்பதால் பரவாயில்லை.

வெளியில் குத்துகிற யூஎஸ்பி டிரைவ்களில் எழுதிக்கொண்டு போகும்போது நடுவில் டிரைவ் காணாமல் போகும், லொக்கில் ஐ/ஓ எரர் என்று சிவப்பாக நிற்கும். மெஷினின் முன்பக்கத் துவாரத்தில் அல்லது ஹப்பில் குத்தியிருப்பார்கள். எழுதும்போது லேசரும் மோட்டரும் கேட்கிற கரண்டை அந்தத் துவாரத்தால் கொடுக்க முடியாது. பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கிற துவாரத்தில் குத்துங்கள், இரட்டைத் தலை வயர் வந்திருந்தால் இரண்டையும் குத்துங்கள். எக்ஸ்பி ஓடுகிற மிகப் பழைய மெஷின் யாரிடமாவது இருந்தால் இன்னொரு வியாதி. டிரைவில் திரும்பத் திரும்பப் பிழை வந்தால் எக்ஸ்பி அந்த டிரைவை மதர்போர்டோடு இணைக்கிற ஐடிஈ வழியை பிஐஓ என்கிற மந்த கதிக்கு இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றாது. இம்ஜ்பேர்னில் பஃபர், அதாவது எழுதுவதற்கு முதல் தகவல் சேருகிற தற்காலிக இடம், அதன் கோடு ஏறுவதும் விழுவதுமாகக் கிடக்கும், பஃபர் நிரம்பும்வரை காத்திருக்கிறேன் என்று லொக்கில் வரிக்கு மேல் வரி. டிவைஸ் மனேஜரில் அந்த ஐடிஈ சனலை நீக்கிவிட்டு மெஷினைத் திரும்பத் தொடக்கினால் பழைய கதிக்கு வரும். கரண்ட் போனால் மட்டும் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய ஏலாது, ஒரு தடவை எழுதுகிற டிஸ்க் நடுவில் நின்றால் குப்பைதான், யூபிஎஸ் இல்லாத மெஷினில் எழுத விடாதீர்கள்.

டிஸ்கில் இருந்து டிஸ்குக்கு நேரே கொப்பி பண்ணுகிற பொத்தான் இம்ஜ்பேர்னில் இல்லை. முதலில் இமேஜ் எடுக்க வேண்டும், பிறகு அதை எழுத வேண்டும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் படிப்பதில் பிரச்சினையா எழுதுவதில் பிரச்சினையா என்பது இரண்டு வேலையும் தனித்தனியாக நடந்தால்தான் தெரியும். மூத்த மாணவர் யாரோ கொடுத்த பழைய டிஸ்கைக் கொண்டுவந்து கொப்பி கேட்கும்போது, இமேஜ் எடுக்கிற கட்டத்திலேயே எந்தச் செக்டரில், அதாவது டிஸ்கின் எந்தச் சின்னத் துண்டில், படிக்க முடியவில்லை என்று இலக்கத்தோடு வந்துவிடும். அப்போது டிஸ்கை வெளியே எடுத்து மெல்லிய துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. தகவல் சுருளாகச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே போகிற கீறலைத் திருத்துகிற ஏற்பாடு டிஸ்கிலேயே இருக்கிறது, சுருளோடு ஒட்டிப் போகிற கீறலை அதால் சமாளிக்க முடியாது. துடைத்தும் இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து, அதுவும் இல்லையென்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கிறது. படிக்க முடியாததைத் தாண்டிப் போகச் சொல்கிற தெரிவும் உண்டு. வீடியோ என்றால் ஓரிடத்தில் படம் உடையும், அவ்வளவுதான். வேர்ட் கோப்போ சிப் கோப்போ என்றால் தாண்டிப் போனதற்குப் பிறகு திறக்காமலே போகலாம். உபுண்டு லினக்ஸ் மெஷின் ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்த மாதிரி வேலைக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்கிற மீட்பு மென்பொருள் இம்ஜ்பேர்னைவிடத் திறம். எதுவரை படித்தது என்று குறித்து வைத்துக்கொள்ளும், டிஸ்கை வேறு டிரைவுக்கு மாற்றி விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

பூட்டுப் போட்ட சினிமா டிவிடிகளை இது உடைத்துத் தராது. அதைக் கேட்டு வருகிறவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். லேப் அதற்கான இடம் இல்லை.

வின்டோஸ் வெற்று டிஸ்கைக் கண்டவுடன் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறதே, யூஎஸ்பி பிளாஷ் டிரைவ் போலப் பாவிக்கவா, சீடி டிவிடி பிளேயரில் பாவிக்கவா என்று. எல்லாரும் முதலாவதைத்தான் தட்டுவார்கள், பென் மாதிரி லேசு என்று நினைத்து. அப்படி எழுதின டிஸ்க் அந்த மெஷினில் வடிவாகத் திறக்கும், பரீட்சகர் வீட்டு டிவிடி பிளேயரில் திறக்காது. ஒழுங்காக மூடாமல் எடுத்தால் வேறு கணினியில்கூட வெறுமையாகக் காட்டலாம். இம்ஜ்பேர்னில் இந்தக் கேள்வியே கிடையாது, எழுதி முடித்தவுடன் டிஸ்கை மூடிவிடும். கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெறும் ஐஎஸ்ஓ 9660 என்கிற பழைய கோப்பு முறையில் எழுதினால் ஆங்கில எழுத்துக்கும் இலக்கத்துக்கும்தான் அங்கே இடம். ஒப்ஷன்ஸ் பக்கத்தில் ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் ஜோலியட்டும் சேர்ந்திருக்கிற தெரிவை எடுங்கள், தமிழ்ப் பெயர் அப்படியே நிற்கும். அதிலும் பெயர் 64 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஆய்வின் முழுத் தலைப்பையும் கோப்புக்குப் பெயராக வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

சரிபார்ப்பு என்கிற அந்தச் சின்னப் பெட்டியில் சரி போட்டுவிட்டால், எழுதி முடித்ததும் டிஸ்கைத் திரும்ப முழுக்கப் படித்து மூலத்தோடு ஒவ்வொரு பைட்டாக ஒப்பிடும். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வரிசையில் நிற்கிற பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவார்கள். நான் நிறுத்துவதில்லை. எழுதும்போது பிழை ஒன்றும் காட்டாமல், படிக்கும்போது வழுக்குகிற டிஸ்குகள் இருக்கின்றன, அது ஒப்படைத்ததற்குப் பிறகு தெரிய வருவதை விட இங்கேயே தெரிந்தால் நல்லது. முடிந்ததும் ஒரு சின்ன இசை போடும், ஸ்பீக்கர் போட்டிருந்தால் லேப் முழுக்கக் கேட்கும், அதைக் கேட்டுக் கை தட்டுகிற பிள்ளைகளும் உண்டு.

ஆனால் சரிபார்ப்பு பாஸ் என்றால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. மூலத்தில் இருந்தது டிஸ்கில் இருக்கிறது, அவ்வளவைத்தான் அது சொல்கிறது. மூலமே பிழை என்றால்? ஒரு பிள்ளை பென்னில் இருந்து நேரே டிஸ்குக்கு எழுதினது, சரிபார்ப்பும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது, வீட்டில் போய்த் திறந்தால் ஒன்றும் திறக்கவில்லை. டிஸ்கைத் திரும்பக் கொண்டுவந்து தந்தபோது பார்த்தேன், முழு ஆய்வறிக்கையும் ஓரிரு கேபி. பென்னில் ஷோர்ட்கட் வைரஸ். உண்மையான கோப்புகளை அது மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்களை வைத்திருக்கிறது, அந்தக் குறுக்குவழிகள்தான் மிகத் துல்லியமாக டிஸ்கில் ஏறியிருக்கின்றன. "பேர் எல்லாம் சரியாத்தானே இருக்கு சேர்" என்றது பிள்ளை. பேர் சரிதான். எழுதுவதற்கு முதல் மொத்த அளவு எத்தனை எம்பி என்று இம்ஜ்பேர்னே காட்டும், அதைப் பார்க்க ஒரு வினாடி போதும்.

இதே சாதியில் இன்னும் இரண்டு. பவர்பொயின்டில் வீடியோவை உள்ளே பதிக்காமல் இணைப்பாக மட்டும் வைத்தால், அந்த வீடியோ லேப் மெஷினின் டெஸ்க்டொப்பில் இருந்துவிடும், டிஸ்கில் கறுப்புப் பெட்டிதான் போகும். மற்றது பாமினி. பாமினியில் அடித்த வேர்ட் கோப்பை பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பார்க்கிறவர் டிஸ்க் கெட்டுவிட்டது என்றுதான் சொல்வார். பிடிஎஃப் ஆக்கி அதையும் கூட வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

குறைகளுக்கு வருகிறேன். இன்ஸ்டோல் பண்ணும்போது கவனம் வேண்டும், அந்த நிறுவிக்குள் வேறு விளம்பர மென்பொருள்களுக்கான அழைப்பும் வரும், கண்ணை மூடிக்கொண்டு அடுத்து, அடுத்து என்று தட்டினால் தேவையில்லாதது எல்லாம் வந்து குந்திவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து வேண்டாம் என்று சொல்லுங்கள். தோற்றம் பழசு, எழுத்துச் சிறிசு, செட்டிங்ஸ் பக்கம் ஒரு காடு. அதற்குள் மாணவர்களை விட வேண்டாம். பெரிய குறை, ஒரே டிஸ்கில் இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்று பகுதி பகுதியாகச் சேர்க்க இது உதவாது. அத்தியாயம் அத்தியாயமாக மேற்பார்வையாளருக்கு டிஸ்க் கொடுக்கிற ஆளென்றால் உங்களுக்கு வேறு மென்பொருள்தான் சரி, லினக்ஸில் கே3பி அதைச் செய்யும். ஒப்படைப்பு டிஸ்க்குக்கு, ஒரே தடவை எழுதி மூடிக் கொடுக்கிற வேலைக்கு, ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

லேப் பார்க்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஒவ்வொரு தடவை தொடக்கும்போதும் மெஷினைப் பழைய நிலைக்கே திருப்புகிற டீப் ஃபிரீஸ் போட்ட மெஷின் என்றால் இமேஜை சி டிரைவில் வைக்க வேண்டாம், திரும்பத் தொடக்கினால் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். லொக்கும் அப்படித்தான் போகும். இம்ஜ்பேர்ன் எல்லா லொக்கையும் தானாகவே ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறது, ஆனால் அது பாவனையாளரின் போல்டருக்குள், சி டிரைவில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஃபைல் லொகேஷன்ஸ் என்ற பக்கத்துக்குப் போய் அதை உறையாத டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த நாள் டிஸ்க் பழுது என்று யாராவது வந்தால், எந்த மெஷினில் எத்தனை மணிக்கு எழுதினது என்று கேட்டு அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கலாம்.